பூட்டாத காரில் இரட்டைக்குழல்

போன வாரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு போலீஸ் ஜீப் நின்றது. பின்சீட்டில் ஒரு துப்பாக்கி தன்பாட்டுக்குப் படுத்திருந்தது. அதற்குப் பொறுப்பான இளம் சப்-இன்ஸ்பெக்டர் எதிர்க்கடையில் டீ ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். நான் ஜீப்புக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் டீயை முடித்து, வடையை முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வரும்வரை, இங்கே எதற்கு நிற்கிறாய் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. வந்தவர் மட்டும், "என்ன பெருசு, பஸ்ஸுக்கா?" என்று அன்பாக விசாரித்தார். பஸ்ஸுக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காவலுக்கே காவல் நின்றேன் என்று சொன்னால் பிள்ளை மனசு சங்கடப்படும்.

அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் மற்றவர்கள் இப்படித் துப்பாக்கியை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போகமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் டீயை ஜீப்புக்கே வரவழைத்துவிடுவீர்கள்.

புதுக்கோட்டை சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டேஷனில் நான் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தேன். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் வருகிற பெரிய மனிதர்களுக்குப் பெரிய பேரன்கள் இருக்கிறார்கள்.

சமஸ்தானம் போனதில் பலருக்குப் பட்டம் போயிற்று, சலுகை போயிற்று, அரண்மனை வாசலில் காத்துக்கிடக்கும் உரிமைகூடப் போயிற்று. துப்பாக்கி மட்டும் போகவில்லை. அதற்குப் புது சர்க்காரும் லைசென்ஸ் கொடுத்தது. ஆகவே மிச்சமிருந்த கௌரவம் முழுவதையும் அதன்மேல் ஏற்றிவிட்டார்கள். கல்யாணத்துக்குப் போனாலும் துப்பாக்கி, காதுகுத்துக்குப் போனாலும் துப்பாக்கி, பல் பிடுங்கப் போனாலும் துப்பாக்கி. கையில் எடுத்துப் போகமாட்டார்கள். காரின் பின்சீட்டில், குழல் கண்ணாடி வழியாகத் தெரிகிற மாதிரி சாய்த்து வைப்பார்கள். போகிற வருகிறவர்கள் பார்க்க வேண்டுமே. திருடனும் பார்ப்பானே என்று நான் கேட்டால், "எங்க வண்டியில கை வைக்கிறவன் இன்னும் பொறக்கலைங்க" என்பார்கள். அதற்கு மேல் சட்டம் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

என் மேலதிகாரி பேசினார். வாகனங்களில் ஆயுதம் வைத்துவிட்டுப் போகலாகாது என்று ஓர் உத்தரவு போட்டு, அதை எல்லா ஸ்டேஷன் சுவர்களிலும் ஒட்டச் சொன்னார். ஒட்டினோம். காரில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் யாரும் ஸ்டேஷனுக்குள் வந்து சுவரைப் படிப்பவர்கள் இல்லை. படித்தவர்கள் எல்லாம் கோழி திருடி மாட்டியவர்கள். அவர்களிடம் காரும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. உத்தரவை யாரும் மீறவில்லை என்று மேலதிகாரிக்கு நல்ல பெயர்.

அந்த வருஷம் வைகாசியில், பர்மாவில் வியாபாரம் பார்த்துத் திரும்பிய ஒரு பெரிய குடும்பத்தில் கல்யாணம். தெரு முழுக்கக் கார். எங்கள் ஸ்டேஷன் சரகத்தில் அத்தனை கார் இருந்ததே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கார்களை வரிசையில் நிறுத்துவதற்காக நானும் இரண்டு கான்ஸ்டபிள்களும் காலையிலிருந்தே வெயிலில் நின்றோம். குளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மிராசுதார் வந்தார். கறுப்புக் கார், அதில் பளபளவென்று ஓர் இரட்டைக்குழல். டிரைவர் ஆவூர்க்காரர், சவரிமுத்து என்று பெயர். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாத மனிதர்.

காரைப் பூட்டிவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். சவரிமுத்துவும் பூட்டப் போனார். அதற்குள் பெண்ணின் தகப்பனார், கல்யாண வீட்டுப் பெரியவர், கையில் பன்னீர்ச்செம்போடு வந்துவிட்டார்.

"எங்க வாசல்ல நிக்கிற வண்டியப் பூட்டுறதுன்னா என்ன அர்த்தங்க? எங்களத் திருடங்கன்னு சொல்றாகன்னுதானே அர்த்தம்? அதுக்கு அவுக பத்திரிகையவே திருப்பிக் குடுத்திருக்கலாம்" என்றார். அவர் குரல் நிஜமாகவே நடுங்கியது.

அந்த ஊர் வழக்கம் அது. விருந்தாளி தன் காரைப் பூட்டினால் வீட்டுக்காரருக்கு அவமானம். சரி, துப்பாக்கியையாவது உள்ளே கொண்டுபோய் வைத்துப் பூட்டுங்கள் என்றேன். மங்கல வீட்டு வாசற்படியைத் துப்பாக்கி தாண்டக்கூடாதாம். அப்படியானால் டிரைவர் காரிலேயே இருக்கட்டும் என்றேன். பந்தி நடக்கும்போது வாசலில் ஒருவர் பட்டினியாக உட்கார்ந்திருந்தால் அதுவும் அவமானமாம். துப்பாக்கி திருட்டுப் போவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் மரியாதை என்ற பெயரில் ஒழுங்காகச் செய்து வைத்திருந்தார்கள். திருடன் வருவதுதான் பாக்கி.

சவரிமுத்து சாப்பிட வரமாட்டேன் என்று இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் வீட்டு ஆட்கள் வந்து கையைப் பிடித்து இழுத்தார்கள். கடைசியில் மிராசுதாரே வாசலுக்கு வந்து, "போய்ச் சாப்புடுப்பா, என் மானத்த வாங்காத" என்று அதட்டினார். அதன் பிறகுதான் அவர் காரைவிட்டு இறங்கினார். இதை மறந்துவிடாதீர்கள். மிராசுதார் கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டார்.

தாலி கட்டி முடிந்தது. மிராசுதார் வெற்றிலை போட்டுக்கொண்டு வெளியே வந்து காரைப் பார்த்தார். பின்சீட்டில் தோல் உறை இருந்தது, தோட்டாப் பை இருந்தது, துப்பாக்கி இல்லை. அவர் போட்ட கூச்சலில் நாயனமே ஒரு கணம் நின்றது. தெருக்கோடியில் கார்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நான் ஓடினேன். எனக்கு முன்னால் இருபது பேர் ஓடியிருந்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்த சவரிமுத்துவின் சட்டையை மிராசுதார் அதற்குள் பிடித்துவிட்டார்.

"இவந்தாங்க. இவன் நகந்த நேரத்துலதான் போயிருக்கு. இவனுக்குத் தெரியாம போகாது. ஸ்டேசனுக்குக் கொண்டுபோய் உரிக்கிற மாதிரி உரிச்சீங்கன்னா சொல்லிருவான்."

இங்கேதான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துப்பாக்கி காணோம் என்று ஒருவர் சொன்னால், உங்கள் வாயில் முதலில் என்ன கேள்வி வரும்? யார் எடுத்தது என்று வரும். எனக்கும் அதுதான் வந்தது. என் மேலதிகாரிக்கு, யாருடைய துப்பாக்கி என்று வரும். அவர் என்னைவிடப் படித்தவர். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னோடு இருந்த ஓர் ஏட்டு, ஸ்டேஷனில் எல்லோரும் கேலி செய்த மந்தமான மனிதர், எதைத் தொட்டாலும் முதலில் குண்டு இருக்கிறதா என்றுதான் கேட்பார். காலிக் குழலைத் துடைக்கும்போதும் கேட்பார். அவரைக் கேலி செய்தவர்களில் நானும் உண்டு. அன்றைக்கு ஏனோ அவர் ஞாபகம் வந்தது.

துப்பாக்கியில் தோட்டா இருந்ததா என்று மிராசுதாரைக் கேட்டேன்.

"காலிதாங்க. நான் என்ன வெவரங்கெட்டவனா?" என்றார். லைசென்ஸ் வைத்திருப்பவர் தோட்டா போட்ட துப்பாக்கியைப் பூட்டாத காரில் விட்டுப் போனேன் என்று இருபது பேருக்கு நடுவில் சொல்வாரா? நீங்களாக இருந்தாலும் காலி என்றுதான் சொல்வீர்கள்.

நான் சவரிமுத்துவைப் பார்த்தேன். திருடியவன் போலீஸைப் பார்ப்பான். வீணாக மாட்டிக்கொண்டவன் முதலாளியின் முகத்தைப் பார்ப்பான். இந்த மனிதர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. சட்டையை ஒருவர் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறார், போலீஸ்காரன் எதிரில் நிற்கிறான், இவர் கண் கார்களுக்கு நடுவில் ஓடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள்மேல் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் கையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.



முதலாளிக்கு எதிரில் அவர் பேசமாட்டார் என்று புரிந்தது. ஆகவே கூட்டத்துக்குப் பிடித்த காரியத்தைச் செய்தேன். அவர் கழுத்தில் கையைப் போட்டு, நடடா என்று ஒரு சத்தம் போட்டு, காருக்குப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். மிராசுதாருக்குப் பரம திருப்தி. போலீஸ் வேலை செய்கிறது என்று இரண்டு பேர் பாராட்டியதுகூடக் காதில் விழுந்தது. மறைவுக்குப் போனதும் கையை எடுத்துவிட்டு, உண்மையைச் சொல்லுங்கள் என்றேன்.

"ரெண்டு கொழல்லயும் தோட்டா இருக்குங்க" என்றார். "வரும்போது கவுதாரிக்குன்னு மொதலாளி போட்டாக. எடுக்க மறந்துட்டாக. நாஞ் சொன்னேன்னு சொல்லிராதீங்க. ஆனா புள்ளைக கையில ஆப்புட்டுச்சுன்னா என்னங்க பண்றது?"

தன்னைத் திருடன் என்று சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இப்போது என்ன செய்வீர்கள்? டிரெயினிங்கில் சொல்லிக்கொடுத்திருப்பார்களே. தோட்டா போட்ட துப்பாக்கி காணோம் என்று மைக்கில் சொன்னால், அத்தனை ஜனமும் ஒரே வாசல் வழியாக வெளியே ஓடும். குண்டில் சாகாதவர்கள் மிதிபட்டுச் சாவார்கள். சொல்லாமல் அறை அறையாகத் தேடினால், அந்த மாதிரி வீட்டில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவதற்குள் அடுத்த முகூர்த்தம் வந்துவிடும். நான் திரும்பவும் பின்சீட்டைப் பார்த்தேன். தோல் உறை அப்படியே கிடந்தது. திருடுகிறவன் உறையோடு தூக்குவான், அதுதான் மறைத்துக் கொண்டுபோக வசதி. உறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனவனுக்கு மறைக்கிற எண்ணமே இல்லை. எடுத்ததே காட்டுவதற்குத்தான். கல்யாண வீட்டில் துப்பாக்கியை யாருக்குக் காட்டுவார்கள்?

காலையில் ஒரு வாடகைக் காரிலிருந்து முக்காலியும் கறுப்புத் துணியுமாக ஒருவர் இறங்கியது ஞாபகம் வந்தது. புதுக்கோட்டை போட்டோக்காரர். அந்தக் காலத்தில் எந்தப் பெரிய வீட்டுக் கூடத்திலும் மாப்பிள்ளை துப்பாக்கியோடு நிற்கிற படம் ஒன்று தொங்கும். மாப்பிள்ளை வாழ்நாளில் எலியைக்கூட அடித்திருக்கமாட்டார், அது வேறு விஷயம்.

பின்பக்கத் தோட்டத்துக்கு ஓடினோம். கீற்றுப்பந்தலுக்குக் கீழே படம் எடுக்க எல்லாம் தயாராக இருந்தது. மாப்பிள்ளை மாலையும் பட்டுத்துண்டுமாக ஒரு காலை முன்னால் வைத்து நின்றார். கையில் மிராசுதாரின் துப்பாக்கி. நேராகக் கேமராவைக் குறிபார்த்துப் பிடித்திருந்தார். விரல் விசைமேல் இருந்தது. சுற்றிலும் தோழர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். கேமராவுக்குப் பின்னால், கறுப்புத் துணிக்குள்ளிருந்து அப்போதுதான் தலையை எடுத்த போட்டோக்காரர், அமுக்கினால் படம் விழுகிற ரப்பர் பல்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "அசையாதீங்க, மொறைச்சுப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தன்னைச் சுடுவதற்குத் தானே பாடம் நடத்திய மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கத்தினால் மாப்பிள்ளை திடுக்கிட்டு விசையை அழுத்திவிடுவார். ஆகவே நிதானமாகப் பேசிக் கையிலிருந்து வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். "மாப்பிள்ளை சார், வணக்கம்" என்று ஆரம்பித்தேன். மிகவும் முறையான ஆரம்பம்.

சவரிமுத்து முறையெல்லாம் பார்க்கவில்லை. பக்கவாட்டிலிருந்து இரண்டே எட்டில் போய், குழலைக் கையால் பிடித்து மேலே தூக்கினார். அதே நேரத்தில் அது வெடித்தது. பந்தலில் ஒரு பெரிய ஓட்டை விழுந்து, கீற்றுத் துணுக்குகள் எல்லோர் தலையிலும் அட்சதை மாதிரிக் கொட்டின. போட்டோக்காரர் பயத்தில் பல்பை அமுக்கிவிட்டார்.

முன்பக்கத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கைதட்டினார்கள். கல்யாண வேட்டு என்று நினைத்துவிட்டார்கள். நாயனக்காரர் உற்சாகமாக இன்னொரு உருப்படியை எடுத்துவிட்டார். இங்கே மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்துவிட்டார். சவரிமுத்து துப்பாக்கியை நடுவில் மடித்துத் திறந்து, வெடிக்காமல் மிச்சமிருந்த தோட்டாவை எடுத்து என் கையில் வைத்தார். குழலைப் பிடித்த கை லேசாகக் கன்றியிருந்தது.  

எடுத்தது மாப்பிள்ளைத் தோழர்கள்தான். "திருடலைங்க, போட்டோவுக்குத்தான் எடுத்தோம். வண்டி தொறந்துதானே கெடந்துச்சு" என்றார்கள். வாசற்படி தாண்டக்கூடாதே என்றேன். தோட்டத்து வழியாகச் சுற்றிக் கொண்டுவந்ததால் தோஷமில்லையாம். பெரியவர் மிராசுதாரின் கையைப் பிடித்துக்கொண்டு, துப்பாக்கி கொடுத்து உதவியதற்காகக் கண்கலங்க நன்றி சொன்னார். மிராசுதாரும் அதனாலென்ன என்று பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். சவரிமுத்துவிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. யாரோ ஒருவர், துப்பாக்கியைத் தூக்கும்போது மாப்பிள்ளையின் மாலை அறுந்துவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்கமாட்டேன். மறுநாள் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். மிராசுதார் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அறைக்குள் நுழைந்ததுமே தெரிந்தது.

"லைசென்ஸ் இல்லாத ஆளு ஆயுதத்தத் தொட்டிருக்கான். அது வெடிச்சும் இருக்கு. அந்த டிரைவர் மேல கேஸ் போட்டீங்களா?" என்றார்.

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தோட்டா போட்ட துப்பாக்கியைத் திறந்த காரில் விட்டவர் கௌரவமான மனிதர். அதை எடுத்துப்போனவர்கள் கல்யாண வீட்டுப் பிள்ளைகள். சட்டத்துக்கு மிச்சமிருந்தது சவரிமுத்து ஒருவர்தான். அவர் குழலைத் தூக்காமல் விட்டிருந்தால் போட்டோக்காரர் செத்திருப்பார் என்றேன். அதை எழுதவேண்டாம் என்றார். அப்படியானால் குழல் எப்படி மேலே போனது என்று எழுதுவது என்று கேட்டேன்.

"தானா மேல போச்சுன்னு எழுதுங்க" என்றார்.

நான் நடந்ததை நடந்தபடி எழுதினேன். தோட்டாவோடு பூட்டாத காரில் விட்டது மிராசுதார், குழலைத் தூக்கி உயிரைக் காப்பாற்றியது டிரைவர். என் கான்ஸ்டபிள்கள் இருவரும் பயப்படாமல் கையெழுத்துப் போட்டார்கள். அது மேலதிகாரியைத் தாண்டி மேலே போயிற்று. கொஞ்ச காலத்துக்கு மிராசுதாரின் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். சவரிமுத்துமேல் கேஸ் இல்லை. அதற்காகவே இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம். வேலை மட்டும் அவருக்குப் போய்விட்டது. முதலாளியைக் காட்டிக்கொடுத்தவன் என்று குளத்தூர்ப் பக்கத்தில் கார் வைத்திருந்த ஒருவரும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிறகு கீரனூர் வழியாகத் திருச்சி போகிற பஸ்ஸில் டிரைவரானார். ஒருமுறை ஏறினேன். பழையபடி அதிகம் பேசவில்லை. "இதுலயும் கதவு பூட்டுறதில்லீங்க. ஆனா உள்ள ஆளுக மட்டுந்தான்" என்றார்.

துப்பாக்கிக்காரர்களைச் சட்டத்தால் திருத்த முடியாது என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. அடுத்த முகூர்த்த மாதத்தில் நான் மரியாதையைக் கையில் எடுத்தேன். கல்யாண வீட்டுப் பெரியவர்களைப் பார்த்து, உங்கள் அந்தஸ்துக்கு விருந்தாளிக்கு மட்டும் சந்தனம் கொடுத்தால் போதுமா, அவர் துப்பாக்கிக்குக் கொடுக்க வேண்டாமா என்று கேட்டேன். பிடித்துக்கொண்டார்கள். வாசலுக்கு வெளியே, கணக்குப்பிள்ளை உட்காரும் முன்னறையில் ஓர் இரும்புப் பீரோ. கார் வந்ததும் பெரியவரே தாம்பாளத்தோடு போய்த் துப்பாக்கியை வரவேற்பார். சந்தனம் வைப்பதற்கு முன்னால் குழலை மடித்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று நாலு பேருக்குக் காட்டவேண்டும். அப்போதுதான் மங்கலம் என்று நானே ஒரு சாஸ்திரம் உண்டாக்கினேன். சர்க்கார் உத்தரவைத் தூக்கிப் போட்டவர்கள் இதற்கு வரிசையில் நின்றார்கள். தனக்கு முன்னால் அடுத்தவர் துப்பாக்கிக்குச் சந்தனம் வைத்ததாகச் சண்டை வந்தது. காரில் துப்பாக்கி வைப்பது அறவே நின்றது. அந்த யோசனை என் மேலதிகாரியுடையது என்று ஜில்லா முழுக்கப் பேசிக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை. எனக்கு மாற்றல் வந்தது.

நான் ஓய்வுபெற்ற பிறகு, ஒரு துக்கத்துக்காக அந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அந்தப் படம் தொங்கியது. மாலையும் பட்டுத்துண்டுமாக மாப்பிள்ளை நிற்கிறார், துப்பாக்கி வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறது, குழல் நுனியில் வெள்ளையாகப் புகை. முகத்தில் இருந்த பயம்கூடப் படத்தில் வீரம் மாதிரி விழுந்திருந்தது. மாப்பிள்ளைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. வேட்டைக்குப் போனபோது எடுத்தது என்று படத்தைக் காட்டினார்.

படத்தின் ஓரத்திலிருந்து, கொஞ்சம் கலங்கலாக, முழங்கைவரை ஒரு காக்கிச் சட்டைக் கை நீண்டு குழலைப் பிடித்திருந்தது. அது யாருடையது என்று கேட்டேன்.

"யாரோ டிரைவர் கைங்க, குறுக்க வந்துருச்சு" என்றார். "சட்டம் போடுறப்ப அத வெட்டிரச் சொன்னேன். ஆளத்தான் வெட்ட முடிஞ்சுச்சு. கைய வெட்டுனா துப்பாக்கியும் சேந்து போயிருதுன்னு போட்டோக்காரரு சொல்லிட்டாரு."